பழைய வீட்டில் ஹை எஃபிசியன்சி ஃபர்னஸ்: வாங்கும் முன்னும் பொருத்தும்போதும் பார்க்க வேண்டியவை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்ட செங்கல் பங்களாக்களை வாங்கிக் குடியேறிய நம்மவர்களில் பலருக்கு, குளிர்காலத்தின் நடுவே ஏதோ ஓர் இரவில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோன அனுபவம் இருக்கும். மறுநாள் வந்து பார்க்கும் தொழில்நுட்பர், இனி இதைத் திருத்துவதில் பயனில்லை, புதிதாகப் போடுவதே நல்லது என்பார். பிள்ளைகள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் நீட்டும் தாளில் யோசிக்காமல் கையெழுத்து வைப்போம். கனடாவில் 2019 ஜூலை 3 முதல் தயாரிக்கப்படும் வீட்டு எரிவாயு ஃபர்னஸ்களின் ஆண்டுச் செயல்திறன் குறைந்தது 95 வீதமாக இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி அரசின் விதி என்பதால், அப்படி வந்து இறங்கும் பெட்டி, எல்லோரும் ஹை எஃபிசியன்சி என்று அழைக்கும், புகையிலுள்ள ஆவியை நீராக்கி அதன் வெப்பத்தையும் எடுக்கும் ஒடுக்க வகையாகத்தான் இருக்கும். பெட்டியில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அதை மனத்தில் வைத்து அந்த வீட்டை யாரும் கட்டவில்லை. புகைபோக்கி, வடிகால், காற்றுக் குழாய் என்று பெட்டிக்கு வெளியே இருப்பவைதான் பின்னால் தொல்லை தருகின்றன. அவற்றை ஃபர்னஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முடிந்தால் கோடையில், பார்த்துவைத்துக்கொள்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

நீர் எங்கிருந்து வருகிறது

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீதேன். அது எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. ஒரு கன மீற்றர் வாயு எரிந்தால், ஆவியாகப் போகும் நீர் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். இந்த ஆவியில் ஒளிந்திருக்கும் வெப்பம் வாயுவின் மொத்த வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. பழைய ஃபர்னஸ்கள் 200 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டில் புகையைப் புகைபோக்கி வழியே அனுப்பின. அந்தச் சூட்டோடு ஆவியின் வெப்பமும் கூரைக்கு மேலே போய்விடும். பற்றவைப்பதற்கான சிறு பைலட் சுடர் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்த மிகப் பழைய வகைகள் வாயுவின் வெப்பத்தில் 60 வீதம் அளவையே வீட்டுக்குக் கொடுத்தன. அதற்குப் பின் வந்த நடுத்தர வகை 80 வீதம் கொடுத்தது.

ஒடுக்க வகையில் வெப்பப் பரிமாற்றிகள் இரண்டு. முதலாவதில் சுடரின் நேரடிச் சூடு எடுக்கப்படுகிறது. அதைத் தாண்டி வரும் புகை, துருப்பிடிக்காத உலோகத்தாலான இரண்டாவது பரிமாற்றியின் மெல்லிய குழாய்களுக்குள் நுழைகிறது. வீட்டிலிருந்து திரும்பி வரும் ஏறத்தாழ 20 பாகைக் காற்று முதலில் மோதுவது இந்த இரண்டாவது பரிமாற்றியில்தான். புகையின் வெப்பநிலை சுமார் 55 பாகைக்குக் கீழே இறங்கியதும் ஆவி நீர்த்துளிகளாக மாறத் தொடங்கி, தன் வெப்பத்தை வீட்டுக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. மீந்த புகை கையால் தொடக்கூடிய பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சுவரைத் துளைத்து வெளியேறுகிறது. ஆகவே வடிகுழாயில் சொட்டும் நீர்தான் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குச் சாட்சி. குளிர் நாளில் ஃபர்னஸ் பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஓடிய பிறகும் அந்தக் குழாய் உலர்ந்தே கிடந்தால், ஏதோ பிசகியிருக்கிறது என்று பொருள்.

சேமிப்பைக் கணக்கிடுவது எளிது. 80 வீத ஃபர்னஸை எடுத்துவிட்டு 96 வீத ஃபர்னஸ் போட்டால், வீட்டைச் சூடாக்கச் செலவாகும் வாயு ஆறில் ஒரு பங்கு குறையும். பழையது 60 வீதமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். பில் பாதியாகிவிடும் என்று சொல்லி விற்பவர், இந்த வகுத்தலைச் செய்து பார்க்காதவர்.

எவ்வளவு பெரியது வேண்டும்

பழைய வீடுகளில் பெரும்பாலும் தேவைக்கு மீறிய ஃபர்னஸே இருக்கும். வெப்பத்தை அளக்கும் அலகான பி.டி.யு.வில் 100,000 என்று எழுதிய பழைய பெட்டியைப் பார்த்து, அதே எண்ணுள்ள புதியதைக் கொண்டுவருவது சோம்பேறித்தனம். பழையது போடப்பட்ட காலத்தில் மேற்கூரையில் பஞ்சுக் காப்பு இருந்திருக்காது, யன்னல்கள் ஒற்றைக் கண்ணாடியாக இருந்திருக்கும், அதன் செயல்திறனும் குறைவு. முறையான வழி, சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனேடிய நியமத்தின்படி அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடச் சொல்வது. அதற்கு முன், உங்கள் எரிவாயு பில்லை வைத்து நீங்களே ஓர் அண்ணளவான கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஜனவரியில் 500 கன மீற்றரும் ஜூலையில் 40 கன மீற்றரும் செலவாகியிருந்தால், ஜூலைச் செலவு சமையலுக்கும் சுடுநீருக்கும் உரியது. மீதி 460 கன மீற்றர் வீட்டைச் சூடாக்கியது. ஒரு கன மீற்றருக்குச் சுமார் 36,000 பி.டி.யு. என்று பெருக்கி, பழைய ஃபர்னஸின் 80 வீதத்தை எடுத்து, ஜனவரியின் 744 மணி நேரத்தால் வகுத்தால், சராசரியாக மணிக்கு 17,800 பி.டி.யு. கிடைக்கும். அந்த மாதத்தின் சராசரி வெளி வெப்பநிலை மைனஸ் 4 என்றும், வெளியே 18 பாகைக்கு மேல் இருந்தால் வீட்டுக்குச் சூடாக்கல் தேவையில்லை என்றும் கொண்டால், வித்தியாசம் 22 பாகை. ரொறன்ரோவின் கடுங்குளிர் இரவுக்கு மைனஸ் 20 என்று வைத்தால், அதே வித்தியாசம் 38 பாகை ஆகும். 17,800ஐ 38ஆல் பெருக்கி 22ஆல் வகுக்க வருவது சுமார் 31,000. இந்த வீட்டுக்கு 40,000 பி.டி.யு. ஃபர்னஸ் போதும், 60,000 தாராளம், 100,000 வீண்.

மிகப் பெரிய ஃபர்னஸ் ஐந்து நிமிடம் ஓடி, வீட்டைச் சூடாக்கிவிட்டு நிற்கும், மறுபடி ஓடும். இப்படித் துண்டு துண்டாக ஓடும்போது, இரண்டாவது பரிமாற்றி சீராக நனைந்து வேலை செய்யும் நிலைக்கு வருவதற்குள்ளேயே சுடர் அணைந்துவிடுகிறது. மூலையில் இருக்கும் அறைகளுக்குச் சூடும் போய்ச் சேராது. இரண்டு நிலைகளில் எரியும் வகையோ, சுடரைத் தானே கூட்டிக் குறைக்கும் வகையோ பழைய வீட்டுக்குப் பொருந்துவது, அது நீண்ட நேரம் மெதுவாக ஓடுவதால்தான். கூரைக்குப் பஞ்சு போடும் எண்ணம் இருந்தால், அதை முதலில் செய்துவிட்டு அதன் பிறகு அளவைத் தீர்மானியுங்கள். ஆனால் அட்டிக்கில் சரளைக் கல் போலப் பளபளக்கும் வெர்மிகுலைட் காப்பு ஏற்கெனவே இருந்தால், அதில் ஆஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். சோதிக்காமல் அதைக் கிளறக்கூடாது.

அநாதையாகும் புகைபோக்கி

பழைய வீட்டில் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய இடம் இது. விற்பனையாளர்கள் அதிகம் பேசாத இடமும் இதுவே.

பழைய ஃபர்னஸும் எரிவாயுவில் எரியும் சுடுநீர்த் தாங்கியும் பொதுவாக ஒரே செங்கல் புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டிருக்கும். ஃபர்னஸின் சூடான புகை அந்தப் பெரிய செங்கல் கூண்டைக் குளிர்காலம் முழுவதும் வெதுவெதுப்பாக வைத்திருந்ததால்தான், சுடுநீர்த் தாங்கியின் மெலிந்த புகையும் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. புதிய ஃபர்னஸ் சுவர் வழியே புகை விடத் தொடங்கியதும், தாங்கி மட்டும் அந்தப் பெரிய புகைபோக்கியில் தனித்துவிடப்படுகிறது. குளிர்ந்த செங்கலில் அதன் புகை பாதி வழியில் தளர்ந்து நீராகிச் சுவருக்குள் ஊறும். உறைந்து உருகி உறையும்போது செங்கல் பொரிந்து உதிரும். அதைவிட மோசமாக, குளியலறை விசிறியோ சமையலறைப் புகை விசிறியோ ஓடும் நேரத்தில், புகை மேலே போகாமல் நிலவறைக்குள்ளேயே திரும்பி வழியும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கலாம்.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. தாங்கியின் உச்சியில் தொப்பி போல ஓர் இடைவெளி இருக்கும். யன்னல், கதவுகளைச் சாத்தி, எல்லா விசிறிகளையும் துணி உலர்த்தும் இயந்திரத்தையும் ஓடவிட்டு, சுடுநீர்க் குழாயைத் திறந்து தாங்கியை எரியவைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஓர் ஊதுபத்தியை அந்த இடைவெளியின் ஓரத்தில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. அறைக்குள் தள்ளப்பட்டால் தாங்கியை நிறுத்திவிட்டு, யன்னலைத் திறந்து, உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள். ஃபர்னஸ் மாற்றுவதற்கு முன்பு நன்றாக இழுத்த புகைபோக்கி மாற்றிய பிறகு இழுக்காமல் போகலாம் என்பதால், சோதனையை இருமுறை, முன்னும் பின்னும் செய்ய வேண்டும்.

தீர்வுகள் இரண்டு. தாங்கிக்கு ஏற்ற விட்டத்தில் ஓர் உலோக உள்ளுறைக் குழாயைப் புகைபோக்கிக்குள் மேலிருந்து இறக்கலாம். அல்லது தாங்கியையும் விசிறி வைத்துச் சுவர் வழியே புகை விடும் வகைக்கு மாற்றிவிட்டு, புகைபோக்கியை மேலும் கீழும் அடைத்துவிடலாம். தாங்கிக்கு வயதாகிவிட்டிருந்தால் இரண்டாவதே மேல் என்பது என் எண்ணம். எது என்றாலும், ஃபர்னஸுக்கான விலைத்தாளில் அந்த வேலையும் ஒரு வரியாக இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத விலைத்தாள் மலிவாகத்தான் தெரியும்.

புகைபோக்கியை அடைத்தபின் முதல் குளிர்காலத்தில் யன்னல்களில் நீர் வழிவதைக் கண்டு, புதிய ஃபர்னஸ் கசிகிறதோ என்று பலர் பயப்படுவதுண்டு. பழைய ஃபர்னஸ் வீட்டுக் காற்றையே உறிஞ்சி எரித்து, இரவும் பகலும் புகைபோக்கி வழியே ஈரத்தையும் வெளியே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. புதியது எரிவதற்கான காற்றைத் தனிக் குழாயில் வெளியிலிருந்து எடுக்கிறது. அதனால் குளிர் காற்று கசிந்து வருவது குறைகிறது, சமையலின் ஈரமும் குளியலின் ஈரமும் உள்ளேயே தங்குகின்றன. ஈரப்பதமூட்டியைக் குறைத்து, விசிறிகளைக் கூடுதலாக ஓடவிட்டால் இது சரியாகும்.

இரண்டு குழாய்கள்

புகை வெளியேறும் குழாய் சாதாரணக் கழிவுநீர் பிளாஸ்டிக்காக இருக்கக்கூடாது. கனடாவில் யுஎல்சி எஸ்636 சான்று பெற்றதாக இருக்க வேண்டும், அந்த எண் குழாயின் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். குழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம் ஃபர்னஸை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே நீர் தேங்கிப் புகையின் வழியை அடைக்கும். வெளியே குழாய்களின் வாய் பனி குவியும் உயரத்துக்கு மேலே குறைந்தது ஓர் அடியாவது இருக்க வேண்டும். பழைய ரொறன்ரோ வீடுகளுக்கு இடையிலுள்ள சந்து குறுகலானது என்பதால், அயலவரின் யன்னல், எரிவாயு மீற்றர், நடைபாதை ஆகியவற்றிலிருந்து விதிப்படி எவ்வளவு தூரம் விட்டுத் துளையிடப் போகிறார் என்று பொருத்துபவரிடம் முதலிலேயே சுண்ணக்கட்டியால் சுவரில் குறிக்கச் சொல்லுங்கள். நடைபாதைக்கு மேலே வைத்தால், சொட்டும் நீர் உறைந்து கால் வழுக்கும்.

வடிகால்

மணிக்கு 60,000 பி.டி.யு. எரிக்கும் ஃபர்னஸ், ஆவி முழுவதும் நீரானால், மணிக்கு இரண்டரை லீற்றர் வரை நீர் விடலாம். நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே விடும், ஆனாலும் ஒரு குளிர் நாளில் வாளிக் கணக்கில் சேரும். அந்த நீர் புளிப்பான அமிலத்தன்மை கொண்டது. வார்ப்பிரும்பு வடிகாலையும் சிமெந்துத் தரையையும் நாளடைவில் அரித்துவிடும். சுண்ணக்கல் துண்டுகள் நிரம்பிய சிறிய குப்பி ஒன்றின் ஊடாக அதை வழியவிட்டால் அமிலம் தணியும். துண்டுகள் கரைந்து குறைவதால் அவ்வப்போது நிரப்ப வேண்டும். தரை வடிகால் தொலைவில் இருந்தால் ஒரு சிறு பம்ப் தேவை. அந்தப் பம்ப் நிரம்பி வழியும் நிலைக்கு வந்தால் ஃபர்னஸை நிறுத்தும் கம்பி இணைப்பைக் கட்டாயம் கேளுங்கள். வடிகுழாய் சூடில்லாத கராஜ் வழியாகவோ வெளியிலோ போகக்கூடாது. அங்கே அது உறைந்துவிடும்.

என் வீட்டில் ஒரு பெப்ரவரி இரவு, வெளியே மைனஸ் 18, ஃபர்னஸ் நின்றுவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போனேன். தெர்மோஸ்டாட் அழைக்கிறது, புகையை இழுக்கும் சிறு விசிறி சுழலத் தொடங்குகிறது, பிறகு அமைதி. பெட்டியின் சிறு கண்ணாடித் துளைக்குள் சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி ஒரு குறியைக் காட்டியது. கதவின் உட்புறம் ஒட்டியிருந்த அட்டவணை அழுத்தச் சுவிட்ச் என்றது. காதை வைத்துக் கேட்டால், உள்ளே பானையில் நீர் அலம்புவது போல ஒரு சத்தம். மின் இணைப்பை நிறுத்தி, கீழே ஒரு வாளியை வைத்து, வடிகுழாயைக் கழற்றினேன். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு கட்டி குழாயை அடைத்திருந்தது. அதன் பின்னே வாளி நிறைய நீர் கொட்டியது. குழாயையும் ட்ராப் எனப்படும் நீர் தேங்கும் வளைவையும் வெந்நீரால் கழுவி, ட்ராப்பில் நீர் நிரப்பித் திரும்பப் பூட்டியதும் ஃபர்னஸ் எரிந்தது. நீர் வடியாமல் தேங்கினால் புகையின் வழி அடைபடும், அடைபட்டதை அழுத்தச் சுவிட்ச் உணர்ந்து வாயுவைத் திறக்க விடாது. ஒடுக்க வகை ஃபர்னஸ் குளிர்காலத்தில் நிற்பதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில், குழாயையும் ட்ராப்பையும் கழுவிவிட்டால் இந்த இரவு வராது. எரிவாயுக் குழாயையோ வால்வையோ மட்டும் நீங்கள் தொடக்கூடாது. அது ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏயின் உரிமம் பெற்றவரின் வேலை.

காற்றுக் குழாய்கள்

பழைய வீட்டில் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள் ஓரளவுக்கு இருக்கும். அறைகளிலிருந்து காற்றைத் திரும்பக் கொண்டுவரும் குழாய்கள்தான் போதாது. மேல்மாடியில் ஒன்றுகூட இல்லாத வீடுகளும் உண்டு. புதிய ஃபர்னஸுக்கு நிமிடத்துக்கு 1,000 கன அடி அளவில் காற்று தேவைப்படலாம். அது கிடைக்காவிட்டால் பரிமாற்றி அளவுக்கு மீறிச் சூடாகி, பாதுகாப்புச் சுவிட்ச் சுடரை அடிக்கடி அணைக்கும், புகையும் போதிய அளவு குளிராது, நீரும் குறையும்.

இதை அளக்கச் சமையலறை வெப்பமானிகள் இரண்டு போதும். ஒன்றைத் திரும்பும் குழாயிலும், மற்றதை ஃபர்னஸுக்கு மேலே ஓரிரு அடி தள்ளிச் சூடான குழாயிலும் சிறு துளையிட்டுச் செருகி, பத்து நிமிடம் ஓடவிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். எவ்வளவு உயரலாம் என்ற எல்லை பெட்டியின் உட்பக்கத் தகட்டில் பாரன்ஹீட்டில் எழுதியிருக்கும். 35 முதல் 65 வரை என்று இருந்து உங்கள் அளவு 70 காட்டினால், காற்று போதவில்லை. முதலில் வடிகட்டியை மாற்றுங்கள். பிறகு மூடிக் கிடக்கும் காற்று வாய்களைத் திறந்து, சோபாவுக்குப் பின்னால் மறைந்திருப்பதை விடுவியுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், திரும்பும் குழாய் ஒன்றைக் கூட்டுவதே வழி. மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஓர் அங்குல வடிகட்டி நல்லதென்று போட்டு, ஃபர்னஸையே மூச்சுத்திணற வைத்தவர்கள் பலர். அந்த நுண்மை வேண்டுமானால் நான்கு அங்குலத் தடிப்புள்ள வடிகட்டிக்கு இடம் வைக்கச் சொல்லுங்கள்.

துளையிடும் முன் ஒன்று. பழைய குழாய்களின் மூட்டுகளில் வெள்ளைக் காகிதம் போன்ற நாடா ஒட்டியிருந்தால், அது ஆஸ்பெஸ்டஸாக இருக்கலாம். அதை உரிக்கவோ அறுக்கவோ வேண்டாம். ஆய்வுகூடத்தில் சோதித்தபின் வேலையைத் தொடங்கலாம்.

கையெழுத்தும் முதல் குளிர்காலமும்

2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் நீங்கள் அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ் விற்பதற்குத் தடை இருக்கிறது. ஃபர்னஸ் போன்றவற்றின் வாடகை ஒப்பந்தங்களின் பேரில் வீட்டுப் பத்திரத்தில் நிறுவனங்கள் பதிந்துவந்த உரிமைக் குறிப்புகளும் 2024 ஜூன் 6 உடன் ஒழிக்கப்பட்டன. இருந்தாலும் மாத வாடகைத் தாளில் கையெழுத்திடும் முன், அந்த மாதத் தொகையைக் காலம் முழுவதுக்கும் பெருக்கி, வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக் நகரில் 2008 டிசம்பரில், அடைபட்ட புகைப் பாதையால் நால்வர் கொண்ட ஒரு குடும்பம் கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானது. அவர்களின் நினைவாக நிறைவேறிய ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டத்தின் பின், 2014 அக்டோபரிலிருந்து எரிபொருள் சாதனம் உள்ள ஒன்ராறியோ வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அந்த வாயுவுக்கான அலாரம் கட்டாயமாகிவிட்டது. நிலவறையில் வாடகைக்கு ஆள் இருந்தால் அங்கேயும் ஒன்று மாட்டுங்கள்.

பனிப்பொழிவு நின்றதும் காரைத் தோண்டும் முன், வெளிச்சுவரிலுள்ள புகைக் குழாய், காற்றுக் குழாய் இரண்டின் வாய்களையும் பனி அடைத்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பொருத்தி முடித்த அன்று, வெப்ப உயர்வு எவ்வளவு, எந்தத் தேதி, எந்த வடிகட்டி என்பதைத் தடித்த பேனாவால் பெட்டியின் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு வரும் தொழில்நுட்பர் முதலில் படிப்பது அதைத்தான்.